சர்க்கரை வீடுகளும் என் வயிற்றெரிச்சலும்

வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவளுக்குக் காய்ச்சல்காரர் விருந்தாளி மாதிரி, நாலு நாளில் போய்விடுவார். சர்க்கரைக்காரர் சொந்தக்காரர் மாதிரி, ஆயுசுக்கும் விடமாட்டார்.

நான் நர்ஸ் படிப்பு முடித்துக் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் ஆனதும் விட்டவள். என் வீட்டுக்காரர் ஜெயராஜ் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது. பிரஷர் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு குழறியது. கம்பெனி கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணக்கை முடித்துக் கொடுத்தது. அதற்கப்புறம் அவர் மாத்திரைக்கும் எங்கள் அரிசிக்கும் நான்தான் பொறுப்பு. மாத்திரையை நிறுத்தினால் இன்னொரு தடவை வரும், அந்தத் தடவை பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே கண்ணாடி சிரிஞ்சு, ஊசி தீட்டுகிற கல், ஸ்பிரிட் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்துத் தெருக்களில் இறங்கினேன்.

பொறாமைப்படுவது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்வார்கள். மற்ற நாளெல்லாம் நான் அதைத்தான் செய்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரரோ பிரஷர்காரரோ உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே தெரியும். அடுத்த வீட்டுப் புருஷன் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டால்கூட வயிறு எரியும். வெட்கப்பட வேண்டாம், நீங்களும் என் கட்சிதான்.

பங்காளிப் பொறாமை

சேலையூர் ஏரிப் பக்கத்தில் முனுசாமி என்று ஒருவர். ஒரு காலத்தில் ஏர் பிடித்தவர். நிலத்தை மனை போட்டு விற்க ஆரம்பித்த பிறகு கீழே கிடக்கிற துரும்பைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. காலையில் பூரி, சாயங்காலம் அல்வாவும் காராசேவும். சர்க்கரை வந்து சேர்ந்தது. அப்போதெல்லாம் அது பெரிய மனுஷர் வியாதி. ஊசி போட நான் போனால் உள்ளே வரமாட்டார். வாசலில் நாற்காலி போட்டு, தெருவே பார்க்கும்படி கையை நீட்டுவார். "எங்க வம்சத்துலயே மொதல் மொதல்ல எனக்குத்தான் வந்துகீது" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்வார்.

பக்கத்து வீட்டில் இருந்த பங்காளி ஏகாம்பரத்துக்கு இதைப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. அவர் இன்னும் விடியற்காலையில் எழுந்து எருமைக்குப் புல் அறுக்கிறவர், கூழ் குடிக்கிறவர். ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். மூத்திரத்தை பாட்டிலில் பிடித்துத் தயாராக வைத்திருந்தார். பொறாமை என்றால் எனக்குப் புரியும், ஆகவே மறுக்கவில்லை. அந்த நாள் சோதனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வரும். ஏகாம்பரத்தின் மருந்து வானம் மாதிரி நீலமாகவே நின்றது. "ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருங்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பின்னால் நின்ற அவர் சம்சாரத்தின் முகமும் வாடியது. ஏகாம்பரம் என் கையிலிருந்த சோதனைக் குழாயை இன்னொரு தடவை பார்த்தார்.

"நல்லா கொதிக்கவுட்டுப் பாரும்மா. அவனுக்குக் கீது, எனக்கு மட்டும் எப்டி இல்லாமப் பூடும்? ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தாதானே!"

கல்யாண சீசன்

முகூர்த்த நாள் வந்தால் எனக்கு பயம். முனுசாமிக்கு அந்த வட்டாரத்தில் பத்திரிகை வைக்காத ஆள் கிடையாது. அன்றைக்குக் காலையில் கையை நீட்டும்போதே, "ரெண்டு கோடு சேத்துப் போடு, மத்தியானம் பந்திக்குப் போறேன்" என்பார். சிரிஞ்சில் இருக்கிற கோட்டை ரயில் டிக்கெட் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார், அதிகம் வாங்கினால் அதிக தூரம் போகலாம் என்று. நான் சேர்த்துப் போடமாட்டேன். அவரும் சாப்பிடாமல் விடமாட்டார். மறுநாள் மயக்கம், டாக்டர், ரிக்‌ஷா, மருந்துக்கடை. அந்த ஒரு மனிதர் உடம்பில் ஓடுகிற சர்க்கரையை நம்பி அல்வாக் கடைக்காரர் ஒரு மாடி எடுத்தார், மருந்துக் கடைக்காரர் இரண்டு மாடி எடுத்தார். எனக்கு ஓட்டு வீடுதான். இரண்டு மாடிகளையும் பார்த்துக்கொண்டே நடந்து போவேன், எரிச்சலில் கால் வேகமாகப் போகும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பந்தியில் ரசம் சாதத்தோடு எழுந்து வந்தால் என்ன?" என்று கேட்டேன்.

"மொய் எழுதிட்டு வெறும் ரசஞ்சோறு துன்னுட்டு வர்றதுக்கு நான் இன்னா கேனையா சிஸ்டரு?"

மேல்தட்டு மரியாதை

மேற்குத் தாம்பரத்தில் நான் போகிற தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் பிரிட்ஜ். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர் வீடு. அவர் மனைவி விமலா அம்மா. இன்சுலின் பாட்டிலைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மற்ற வீடுகளில் மண் சட்டியில் ஈர மணலைக் கொட்டி அதில் புதைத்து வைப்பார்கள். விமலா அம்மா, "எல்லாரும் என் பிரிட்ஜிலேயே வையுங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசுக்குத் தெருவே தினமும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அவர் முந்தானையால் பிரிட்ஜ் கதவைத் துடைத்துவிட்டுத்தான் திறப்பார். ஒவ்வொரு வீட்டு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். அவர் மேட்னி ஷோவுக்குப் போய்ப் பூட்டிவிட்டால், ஊசி போடாமல் சாப்பிடக் கூடாது என்பதால் சர்க்கரைக்காரர்கள் எல்லாம் வாசலில் பசியோடு காத்திருப்பார்கள். எனக்கு அந்த பிரிட்ஜ் மேல் இருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. மே மாத வெயிலில் நடந்து வந்து, பாட்டிலைத் தேடுகிற மாதிரி முகத்தை உள்ளே நீட்டிக் குளிர்காற்று வாங்குவேன்.

அதே தெருவில் தனராஜ் சார் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அவருக்கும் சர்க்கரை. அவர் மனைவி புஷ்பம். விமலா அம்மாவின் மகன் கணக்கில் பாஸானது சாரால்தான். அந்த நன்றிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்த விமலா அம்மா, சாருடைய புது பாட்டிலை மட்டும் எடுத்து மேலே ஐஸ் தட்டுக்குள் வைத்துவிட்டார். இன்சுலின் உறைந்தால் போச்சு. காலையில் நான் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே திரிந்த பால் மாதிரி இருந்தது. "கொட்டிவிடு" என்று புஷ்பத்திடம் சொன்னேன். அவள் கொட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். சம்பளம் வருகிற வரைக்குமான மருந்து அது. அதை வாங்குவதற்காக வீட்டில் பால் நிறுத்தியிருந்தார்கள். நான் முனுசாமியிடம் ஒரு பாட்டில் கடனாகக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். விமலா அம்மாவிடம் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாருக்கும் கீழ்த்தட்டு. வாத்தியாராச்சேன்னு மரியாதை குடுத்து அவரை மட்டும் மேல வச்சேன். அதுக்கா சிஸ்டர் இந்தப் பேச்சு?"

வலிக்காத ஊசி

இனி ஸ்டெல்லா. என் தொழிலில் எனக்குப் போட்டியாக வந்தவள். வயசு குறைவு, சிரிப்பு அதிகம். கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். என் ஊசிகளை நான் கல்லில் தீட்டித் தீட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஒவ்வொரு தடவையும் புத்தம் புதிய ஊசி கொண்டு வந்து தருவான். "ஸ்டெல்லா கை என்ன கை! போட்டதே தெரியவில்லை" என்று ஊர் முழுக்கப் பேச்சு. கையா அது? கப்பல்! இதை யாரிடம் சொல்வது? சைக்கிள் மணி கேட்டாலே எனக்கு உள்ளுக்குள் ஏதோ கருகுகிற வாசனை வரும்.

முனுசாமியும் அவளிடம் போய்விட்டார். மற்றவர்கள் போனால் பரவாயில்லை. முனுசாமி வீட்டில் தருகிற பணம்தான் அப்படியே என் வீட்டுக்காரரின் மாத்திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கல்யாணத்துக்கு வாங்கிய கைக்கடிகாரத்தை விற்று அந்த மாதம் மாத்திரை வாங்கினேன். நேரம் பார்க்கத் தெருவில் போகிறவர்களிடம் மணி கேட்டேன். பிறகு ஒரு நாள் முனுசாமி ஆள் அனுப்பினார். போனேன். வாசலில் அதே நாற்காலி. கையை நீட்டிக்கொண்டு, குற்றம் செய்தவர் மாதிரி வேறு பக்கம் பார்த்தார். என் மொட்டை ஊசி உள்ளே இறங்கியதும் "ஸ்ஸ்" என்றார். அப்புறம் முகமெல்லாம் திருப்தி. நான் பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

"இதான் ஊசி! அந்தப் பொண்ணு போட்டா குத்திச்சா இல்லியான்னே தெர்ல. காசு குட்த்தாப்லயே இல்ல சிஸ்டரு."

செம்பருத்தி

விமலா அம்மாவின் கணவருக்கும் பிரஷர். என் வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்திருந்த அதே மாத்திரை. அவருக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் சும்மா கொடுப்பார்கள். டப்பா டப்பாவாக வரும். அவருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. அதனால் அவர் விழுங்குவதே இல்லை. பிரஷர் சத்தமில்லாமல் இருக்கிற வியாதி. ஜெயராஜுக்கும் அப்படித்தான் சத்தமில்லாமல் இருந்தது. இதை நான் அவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஒரு நாள் அவர்கள் வாசலில் செருப்பை விடும்போது செம்பருத்தித் தொட்டியைப் பார்த்தேன். மண் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ கரைந்து கிடந்தது. குனிந்து பார்த்தால், மாத்திரை! ஒன்றிரண்டு இன்னும் முழுசாகவே இருந்தன. நான் சிரிஞ்சு கழுவிக் கழுவி, நடந்து நடந்து, கடிகாரத்தை விற்று வாங்கிய அதே மாத்திரை. பொறுக்கி எடுத்துக்கொள்ளலாமா என்று கை துடித்தது. ஒரு செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நர்ஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மிச்சம் இருந்தால் எனக்குக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் விமலா அம்மா கொடுத்திருப்பார், அடுத்த நாள் தெருவுக்கெல்லாம் சொல்லியிருப்பார். நான் செடியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு விமலா அம்மா பூரித்துப் போனார்.

"அவருக்கு மாத்திரை பிடிக்கல சிஸ்டர். வீணாப் போவானேன்னு தொட்டியில போட்டேன். பாருங்க, எப்பிடிப் பூக்குது!"

புஷ்பத்தின் வயிற்றெரிச்சல்

தனராஜ் சார் ஒரு நாள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். செருப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி நாள் முழுக்கக் காலைக் கிழித்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரைக்காரரின் பாதம் அப்படித்தான், மரத்துப் போயிருக்கும். சாயங்காலம் வீட்டில் ரத்தத்தைப் பார்த்துப் புஷ்பம்தான் அலறினாள். அப்புறம் மெட்ராஸில் ஆஸ்பத்திரி, அறை வாடகை, சம்பளமில்லாத லீவு. இரண்டு விரல் போய்க் கால் பிழைத்தது. வீடு கட்டுவதற்கென்று சிட்லபாக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றார்கள். யார் வாங்கினார் தெரியுமா? முனுசாமி. நிலத்தை விற்றதால் முனுசாமிக்குச் சர்க்கரை வந்தது, சர்க்கரை வந்ததால் சார் நிலத்தை விற்றார். எனக்கு முனுசாமி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் மறுநாளும் அவருக்கு மெதுவாகத்தான் ஊசி போட்டேன். என் மாத்திரைப் பணம் ஆயிற்றே.

இதில் என் அசிங்கத்தையும் கேளுங்கள். சார் தேறியதும் புஷ்பமும் அவரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்து வருவார்கள். அவர் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வருவார், மற்றொரு கையில் அவளுக்கும் சேர்த்துக் குடை பிடித்திருப்பார். நான் தனியாகப் பின்னால் வருவேன். மனை போனவள், பால் வாங்க முடியாதவள், அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன். "நீ கொடுத்து வைத்தவள் புஷ்பம். உன் புருஷன் உன்னோடு நடந்து வருகிறார்." புஷ்பம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் கொடுத்து வச்சவங்க சிஸ்டர். உங்க வீட்டுக்காரர் நீங்க போடறதத்தான் சாப்பிடுவார். இவர் நடக்க ஆரம்பிச்சதுமே நேரா அல்வாக் கடைக்கில்ல நடந்தார்!"

முதல் வீடு

முனுசாமியை நான் இரண்டாவது தடவை இழந்ததற்கு ஸ்டெல்லா காரணமில்லை. ஜெயராஜுக்கு ஒரு ராத்திரி பிரஷர் திடீரென்று ஏறிவிட்டது. டாக்டர் என்னைத்தான் திட்டினார். "நர்ஸாக இருந்துகொண்டு மாத்திரையைக் கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாதா?" என்றார். எனக்கு அவமானமாகப் போயிற்று. தினமும் விடியுமுன் கிளம்பும்போது அவர் இடது கையில் மாத்திரையை வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் போகிறேன். விடிகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து அவரைச் சாய்த்து உட்கார வைக்கும்போது தலையணை உறைக்குள் மாத்திரைகள் கையில் அகப்பட்டன.

என் ரத்தம் கொதித்தது. செம்பருத்தித் தொட்டிக்குப் போனதைப் பார்த்தே பொருமினவள் நான். இங்கே என் வீட்டிலேயே, என் காசில்! "எதற்காக நான் இப்படி ஓடுகிறேன்? செத்துப்போக ஆசையா?" என்று கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்ததும் இடது கையால் என் கையைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே முனுசாமி வீட்டில் பூரி ஆறிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து என் முதல் வீடு என் வீடுதான். மாத்திரையை நானே அவர் நாக்கில் வைத்து, தண்ணீர் புகட்டி, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் பையைத் தூக்குவேன். அதற்குள் முனுசாமி பசி தாங்காமல் ஸ்டெல்லாவுக்கே சொல்லி அனுப்பிவிட்டார். போகட்டும் என்று புதிதாகப் பல்லாவரத்தில் இரண்டு வீடு பிடித்து, கூடக் கொஞ்சம் நடந்தேன். அன்றைக்கு ஜெயராஜ் குழறிக் குழறிச் சொன்னதை நான் எழுதுகிற வேகத்தில் நீங்கள் படித்துவிடுவீர்கள். அவருக்கு அது பெரிய வேலை.

"விடிஞ்சா… ஊர்ல எல்லாரு கையையும்… நீ பிடிக்கிற. என் கையில… மாத்திரைய வச்சிட்டுப் போயிடற."

ஆக, அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷமும் நாங்கள் எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் வயிறெரிந்துகொண்டிருக்க, யாரைப் பார்த்தும் வயிறெரியாமல் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டது அந்த வியாதி ஒன்றுதான்.